உதிரிபாகம் தீர்ந்த பிறகு

சியோலை ஒட்டிய குவாச்சனில், தென்கொரியாவின் தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் பதினெட்டரை மீட்டர் உயரத்துக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகள் அடுக்கடுக்காக எழுந்து நிற்கின்றன. வீடியோ கலைஞர் நாம் ஜுன் பைக் 1988-இல், சியோலில் ஒலிம்பிக் நடந்த ஆண்டில், எழுப்பிய கோபுரம் அது. பெட்டிகள் மொத்தம் 1,003. கொரியத் தேசம் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் அக்டோபர் 3-ஐக் குறிக்கும் எண். 2018 பிப்ரவரியில் அந்தக் கோபுரத்தை அணைத்துவிட்டார்கள். பெட்டிகள் ஒன்று மாற்றி ஒன்று பழுதாகிக்கொண்டிருந்தன. மின்சாரப் பாதுகாப்பு குறித்த அச்சமும் சேர்ந்துகொண்டது. மாற்றிப் போடப் பிக்சர் ட்யூப் கிடைக்கவில்லை. அவற்றின் உற்பத்தி உலகெங்கும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. பைக் 2006-லேயே காலமாகிவிட்டதால் அவரிடம் கேட்கவும் வழியில்லை.

அடுத்து நடந்த விவாதத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் நியாயம் இருந்தது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிய தட்டைத் திரைகளைப் பொருத்தலாம் என்றார்கள் சிலர். வளைந்த கண்ணாடியும் பெட்டியின் கனமும் போனால் அது பைக்கின் கோபுரமே இல்லை என்றார்கள் வேறு சிலர். அணைந்த நிலையிலேயே விட்டுவிடலாம், அதற்கும் ஆயுள் உண்டு என்ற குரலும் எழுந்தது. கூடுமானவரை பிக்சர் ட்யூபைக் காப்பாற்றுவது என்று 2019-இல் அருங்காட்சியகம் முடிவெடுத்தது. 2022 செப்டம்பரில் கோபுரம் மீண்டும் ஒளிர்ந்தபோது கணக்கு இப்படி இருந்தது: 737 பெட்டிகள் பழுது பார்க்கப்பட்டவை அல்லது பழைய பொருள் சந்தையில் தேடி வாங்கி மாற்றப்பட்டவை, மேலடுக்குகளில் இருந்த 266 சிறிய பெட்டிகளுக்கு மாற்று கிடைக்காததால் அங்கே எல்சிடி திரைகள். ஆயுளை நீட்டிக்க, கோபுரம் இயங்கும் நேரத்தையும் குறைத்துவிட்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்தி, 2003-லேயே ஒருமுறை எல்லா மானிட்டர்களும் மொத்தமாக மாற்றப்பட்டன என்பது. அதாவது 2018-இல் எந்த ‘மூலப் பெட்டிகளை’க் காப்பாற்ற வேண்டும் என்று வாதாடினார்களோ அவை 1988-இல் பைக் அடுக்கிய பெட்டிகளே அல்ல. அப்படியானால் அருங்காட்சியகம் காப்பாற்றியது எதை?

டிஜிட்டல் கலைக் காட்சிகள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் இந்தக் கேள்வியைப் புதிய தொழில்நுட்பம் கொண்டுவந்த புதிய தலைவலி என்று எண்ணிக்கொள்கிறோம். அது அப்படியல்ல என்பதே என் கட்சி. கிடைத்த பொருள்களைச் சேர்த்துக் கட்டும் அசெம்ப்ளேஜ் கலை நூறாண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கூடத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. டிஜிட்டல் கலை அதன் நேர் வாரிசு. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் கண்காட்சிகள் சரியான காரியத்தைச் செய்கின்றன. ஆனால் ஏன் சேர்த்து வைக்கிறோம் என்பதைப் பெரும்பாலும் அவை பார்வையாளரிடம் சொல்வதில்லை.

1912-இல் பிக்காசோ ஒரு நீள்வட்ட அசையாப்பொருள் ஓவியத்தில் பிரம்புப் பின்னலை வரையாமல், பிரம்புப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணியை ஒட்டினார். சட்டத்துக்குப் பதில் கயிற்றைச் சுற்றினார். கடையில் வாங்கிய சரக்கு ஓவியத்துக்குள் நுழைந்த தொடக்ககாலத் தருணங்களில் இது முதன்மையானது. அதன்பின் வேகம் கூடியது. பெர்லினில் ராவுல் ஹவுஸ்மன் ஒரு மரத்தலையை எடுத்து, அதில் அளவுகோல், கடிகார உறுப்பு, தட்டச்சுப் பொறியின் பாகம், தோல் பணப்பை எனப் பலவற்றைப் பொருத்தினார். முதல் உலகப்போர் முடிந்த கையோடு வந்த படைப்பு அது; அளக்கவும் எண்ணவும் மட்டுமே தெரிந்த மனிதனின் தலை. ஹனோவரில் கர்ட் ஷ்விட்டர்ஸ் பேருந்துச் சீட்டு, உறை, கம்பி, மரத்துண்டு என்று தெருவில் கிடந்ததையெல்லாம் சேர்த்துப் படங்கள் செய்தார். பிறகு தான் வாழ்ந்த வீட்டின் அறைகளையே உள்ளிருந்து வளரும் ஒரு கட்டுமானமாக மாற்றினார். 1943-இல் நேசநாடுகளின் குண்டுவீச்சில் அந்த வீடு அழிந்தது. இன்று ஹனோவரின் ஷ்ப்ரெங்கல் அருங்காட்சியகத்தில் நாம் உள்ளே நுழைந்து பார்க்கும் அறை, 1933-இல் எடுத்த புகைப்படங்களைக் கொண்டு 1980-களின் தொடக்கத்தில் திரும்பக் கட்டப்பட்டது. ஷ்விட்டர்ஸின் கை பட்ட ஒரு துண்டுகூட அதில் இல்லை. ஆனாலும் மக்கள் அதை அவருடைய படைப்பாகவே பார்த்து வருகிறார்கள். பைக்கின் கோபுரம் அணைவதற்கு வெகுகாலம் முன்பே அதே சிக்கல்.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், சுருக்கமாக மோமா, 1961-இல் வில்லியம் சைட்ஸின் பொறுப்பில் ‘அசெம்ப்ளேஜ் கலை’ என்ற பெருங்காட்சியை நடத்தியது. அதிலிருந்துதான் இந்தப் பெயர் எல்லோர் வாயிலும் நிலைத்தது. அந்தக் காலத்தின் நடுநாயகர் ராபர்ட் ராஷன்பர்க். டயருக்குள் நிற்கும் பாடம் செய்த ஆட்டைப் பலர் படத்திலாவது பார்த்திருப்பார்கள். எனக்கு அதைவிட அதிகம் கற்றுத்தந்தது அவருடைய 1959-ஆம் ஆண்டின் ‘கேன்யன்’. அதில் பாடம் செய்த வெண்தலைக் கழுகு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் 1940-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கழுகை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். சட்டம் வருவதற்கு முன்பே கொல்லப்பட்ட பறவை அது என்று ராஷன்பர்க் எழுதித் தர வேண்டியிருந்தது. உரிமையாளர் இலியானா சோனபெண்ட் 2007-இல் இறந்தபோது, விற்கவே முடியாத பொருளுக்கு விலையே இல்லை என்று மதிப்பிட்டார்கள் வாரிசுகளின் மதிப்பீட்டாளர்கள். வரித்துறையோ 6.5 கோடி டாலர் என்று மதிப்பிட்டு வரி கேட்டது. கடைசியில் 2012-இல் படைப்பை மோமாவுக்குக் கொடையாகத் தந்து வழக்கை முடித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது வரிச் சண்டையை அல்ல. ஒரு படைப்பின் பாகம் படைப்புக்கு வெளியே இன்னொரு வாழ்க்கையையும் வாழ்கிறது. கழுகு கலைக்குள் வந்த பின்னும் கழுகுதான். காட்டுயிர்ச் சட்டம் கூடத்துக்குள்ளும் அதைத் தேடி வரும். ஒரு மென்பொருள் உரிமம், ஒரு நிறுவனத்தின் திரை, யாரோ எடுத்த புகைப்படம் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யும் இன்றைய படைப்புக்கும் இது அப்படியே பொருந்தும். ஒட்டவைத்தவுடன் பாகங்கள் கலைஞருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை.

டிஜிட்டல் கலை கணினித் திரையில் பிறந்தது என்பதே பொதுவான எண்ணம். இன்னொரு வாசலும் உண்டு. ராஷன்பர்க் 1959-இல் ‘பிராட்காஸ்ட்’ என்ற படைப்பில் ஓவியத்துக்குப் பின்னால் மூன்று வானொலிகளை ஒளித்து, பார்வையாளர் திருகக் குமிழ்களை முன்னால் வைத்தார். அதன் வளர்ச்சிதான் 1962 முதல் 1965 வரை உருவான ‘ஆரக்கிள்’. கார்க் கதவு, குளியல் தொட்டி, காற்றுக்குழாய், சன்னல் சட்டம், படிக்கட்டு என நியூயார்க் தெருக்களில் கிடைத்த ஐந்து உலோகத் துண்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வானொலி. பெல் ஆய்வகத்தின் பொறியாளர் பில்லி க்ளூவரும் அவருடைய கூட்டாளிகளும் கம்பியில்லாக் கட்டுப்பாட்டைச் செய்து தந்தார்கள். தகரமும் மின்னணுவியலும் ஒரே உடம்பாகச் சேர்ந்துவிட்டன. தகரம் அப்படியே இருக்கிறது. மின்னணுப் பாகங்களைத்தான் பிற்பாடு புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒரே படைப்பின் இரண்டு பாகங்கள் இரண்டு வேகத்தில் முதுமை அடைகின்றன. இந்தத் துறையைப் பற்றிப் பேச வேண்டியதில் பாதி இந்த ஒரு படைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

கணினிப் பக்கத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதன் தொடக்கம் கெடாமல் கிடைக்கிறது. 1965-இல் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் கியோர்க் நேஸும் ஃப்ரீடர் நாகேயும் கணினியால் வரைந்த கோட்டோவியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அதே ஆண்டு நியூயார்க்கில் ஹோவர்ட் வைஸ் கூடத்தில் மைக்கேல் நோலும் பேலா யூலெஸும் தங்கள் படங்களைக் காட்டினார்கள். நேஸ், நாகே இருவரின் கோடுகளும் பிளாட்டர் பொறியின் பேனா காகிதத்தில் இழுத்தவை. கணினி குப்பைக்குப் போனாலும் காகிதம் இருக்கிறது. வேரா மோல்னார் 1968 முதல் கணினியில் செய்த வரிசைகளைக் காப்பதற்கு ஓர் ஓவியத்தைக் காக்கும் அறிவு போதும்.

இயங்கும் படைப்புகளுக்குத்தான் ஆபத்து. லண்டனின் சமகாலக் கலை நிறுவனத்தில் 1968-இல் யாசியா ரைக்கார்ட் நடத்திய ‘சைபர்நெட்டிக் செரெண்டிபிட்டி’ காட்சியில் எட்வர்ட் இக்னாடோவிச்சின் ஒரு சிற்பம், ஒலி வந்த திசைக்குத் திரும்பியது. அவரே 1970-இல் ஐந்தோவனில் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் எவாலுவான் அரங்குக்காகச் ‘சென்ஸ்டர்’ என்ற பெரிய எஃகு உயிரியைக் கட்டினார். மெல்லப் பேசினால் தலையை நீட்டும், கத்தினால் பின்வாங்கும். ஒலிவாங்கிகள், ராடார், ஹைட்ராலிக் விசை, கணினி எல்லாம் சேர்ந்த உடல். 1974-இல் அதைப் பிரித்துவிட்டார்கள். எஃகுக் கூடு மட்டும் நெதர்லாந்தில் பல பத்தாண்டுகள் திறந்த வெளியில் நின்றது. 2017-இல் போலந்தின் கிராக்கூவிலுள்ள ஏஜிஎச் பல்கலைக்கழகம் அதை வாங்கிச் சென்று, புதிய கட்டுப்பாட்டு நிரலோடு அடுத்த ஆண்டே அசைய வைத்தது. பழைய எலும்பு, புதிய நரம்பு. இது இக்னாடோவிச்சின் படைப்பா? ஆம் என்றே நினைக்கிறேன். அவர் செய்தது எஃகு அன்று, ஒலிக்கு இசையும் அந்த நடத்தை. அது திரும்பி வந்திருந்தால் படைப்பும் திரும்பியிருக்கிறது. ஆனால் எந்த அளவுக்குத் திரும்பியிருக்கிறது என்பதை அதை 1970-களில் நேரில் பார்த்தவர்களின் நினைவும் பழைய படச்சுருள்களும்தான் சொல்ல முடியும்.

தரவாக மட்டும் இருக்கும் படைப்பு காற்றைப் போன்றது, அழியாது என்று நம்பியவர்கள் ஆண்டி வார்ஹோலின் நெகிழ்வட்டுகளைப் பார்க்க வேண்டும். 1985-இல் கொமடோர் நிறுவனம் அமிகா கணினியை அறிமுகப்படுத்தியபோது வார்ஹோல் அதில் படம் வரைந்தார். இரண்டே ஆண்டில் இறந்தார். வட்டுகள் பிட்ஸ்பர்க்கில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தின் காப்பகத்தில் கிடந்தன. திறக்க யாராலும் முடியவில்லை. கலைஞர் கோரி ஆர்க்கேஞ்சல் கேட்டுத் தொடங்கிய முயற்சியில் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் கணினிக் கழக மாணவர்கள், எவரும் பயன்படுத்தாத ஒரு கோப்பு வடிவத்தைப் பின்னோக்கி உடைத்துப் படங்களை மீட்டார்கள். 2014-இல் உலகம் அவற்றைக் கண்டது. போத்திச்செல்லியின் வீனஸுக்கு மூன்றாவது கண் வைத்த படமும் அவற்றுள் ஒன்று. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய வீனஸ் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறாள். முப்பது ஆண்டு வீனஸை மீட்க ஒரு மாணவர் படை தேவைப்பட்டது.

இணையத்துக்காகச் செய்த படைப்புகளின் நிலை இன்னும் மோசம். குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்காக ஷு லீ சாங் 1998-99-இல் உருவாக்கிய ‘பிராண்டன்’, உலாவிகள் மாற மாறச் சிதைந்துகொண்டே போனது. அதன் ஜாவா நிரல்கள் இயங்க மறுத்தன. 2016-17-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கணினி அறிஞர்களோடு சேர்ந்து அதை மீட்டார்கள். 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் மென்பொருளுக்கு ஆதரவு நின்றபோது, அதை நம்பியிருந்த எண்ணற்ற சிறு படைப்புகள் ஒரே நாளில் அனாதையாயின. ஒரு வணிக முடிவுதான் அவற்றின் ஆயுளைத் தீர்மானித்தது. நுண்கலை வரலாற்றில் வண்ணம் செய்பவன் கடையை மூடியதால் தொங்கிக்கொண்டிருந்த ஓவியங்கள் காணாமல் போனதாக நான் படித்ததில்லை.

இதற்கு மருந்து தேடியவர்களில் குகன்ஹைம் முன்னோடி. ‘மாறும் ஊடகம்’ என்ற பெயரில் அங்கே நடந்த பணியில் ஜான் இப்போலிட்டோ போன்றவர்கள் நான்கு வழிகளை வகுத்தார்கள். பழைய கருவியையே சேமித்து வைப்பது. பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளைப் புதிய கணினிக்குள் ஓட்டும் எமுலேஷன். புதிய கருவிக்கு மாற்றுவது. படைப்பை இன்றைய பொருளில் மறுபடி விளக்கிச் செய்வது. 2004-இல் அவர்கள் நடத்திய ஒரு காட்சியை நான் இந்தத் துறையின் மிக நேர்மையான காட்சியாக மதிக்கிறேன். கிரஹாம் வைன்பிரன், ராபர்ட்டா ஃப்ரீட்மன் இருவரும் 1982 முதல் 1985 வரை லேசர் வட்டும் தொடுதிரையும் கொண்டு செய்த ‘எர்ல் கிங்’ உள்ளிட்ட படைப்புகளை, பழைய கருவியில் ஓடும் வடிவத்தையும் எமுலேஷன் வடிவத்தையும் அருகருகே வைத்தார்கள். எது உயிர், எது நிழல் என்று பார்வையாளரே நின்று தீர்மானிக்கலாம். மறைத்து ஒட்டுப்போடாமல் ஒட்டையே காட்சிப்பொருளாக்கிய துணிவு அது.

இந்திய அனுபவமும் இந்த வரிசையில் தனியாக நிற்க வேண்டியது. விவான் சுந்தரம் 2001-02-இல் செய்த ‘ரீ-டேக் ஆஃப் அம்ரிதா’வில், தாத்தா உம்ராவ் சிங் ஷெர்கில் எடுத்த குடும்பப் புகைப்படங்களைக் கணினியில் வெட்டி ஒட்டினார். பல ஆண்டு இடைவெளியில் எடுத்த உருவங்கள், பெரியம்மா அம்ரிதா ஷெர்கில் உட்பட, ஒரே அறைக்குள் சந்தித்துக்கொள்கின்றன. கத்தரியும் பசையும் இருந்த இடத்தில் ஃபோட்டோஷாப் வந்திருக்கிறது. மற்றபடி இது அப்பட்டமான அசெம்ப்ளேஜ். பிறகு 2008-இன் ‘ட்ராஷ்’. டெல்லியின் குப்பையைப் பொறுக்கி வாழ்வோரோடு சேர்ந்து, அந்தக் குப்பையால் தன் பணிக்கூடத்தில் ஒரு நகரத்தையே அமைத்து, அதைப் படமெடுத்துப் பெரிய டிஜிட்டல் அச்சுகளாக்கினார். குப்பை நகரம் கலைக்கப்பட்டது, படம் நிற்கிறது. எது படைப்பு என்ற கேள்விக்கு அவரே முன்கூட்டி விடை எழுதிவிட்டார்.

ஷீலா கௌடாவின் ‘பிஹோல்ட்’ நேர்மாறான வழி. கோயிலில் முடியிறக்கிய தலைமயிரைத் திரித்துச் செய்த ஏறக்குறைய நான்காயிரம் மீட்டர் கயிறு. அதில் தொங்கும் இருபது கார் பம்பர்கள். 2009-இல் வெனிஸ் பியன்னாலேயில் காட்டப்பட்டு இப்போது லண்டன் டேட் தொகுப்பில் இருக்கிறது. கண்திருஷ்டி படாமலிருக்க வண்டியில் மயிர்க்கயிறு கட்டும் வழக்கத்திலிருந்து பிறந்தது. இங்கே மயிருக்குப் பதில் நைலானை மாற்றினால் படைப்பு செத்துவிடும். வேண்டுதல் அந்த மயிரில்தான் இருக்கிறது. ஆக, எல்லாப் பாகமும் மாற்றத்தக்கது என்று வாதிட நான் வரவில்லை. ஒரு படைப்பில் எந்தப் பாகத்தில் பொருள் குடியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதே திறனாய்வாளரின் வேலை. சென்ஸ்டரில் அது நடத்தையில், பிஹோல்டில் மயிரில்.

2021 மார்ச் 11-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் டிஜிட்டல் கலைஞர் பீப்பிளின் ‘எவ்ரிடேஸ்: முதல் 5000 நாட்கள்’ 6.93 கோடி டாலருக்குப் போனது. வாங்கியவர் மெட்டாகோவன் என்ற பெயரில் இயங்கிய விக்னேஷ் சுந்தரேசன், தமிழர். செய்தி முழுக்க விலையைப் பற்றியே பேசியதால் படைப்பைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போனது. 2007 மே 1 முதல் நாளுக்கொரு படமாகச் செய்த ஐயாயிரம் படங்களைக் கட்டம் கட்டமாகச் சேர்த்த ஒரே கோப்பு அது. வடிவத்தில் பழைய ஒட்டுப்படம். அதோடு வந்த என்எஃப்டி, எத்தீரியம் என்ற பிளாக்செயின் சங்கிலியில் பதிந்த உரிமைப் பதிவு மட்டுமே. படம் சங்கிலிக்குள் இல்லை, வேறிடத்தில் சேமிக்கப்பட்டு அதன் முகவரி பதிவாகியிருக்கிறது. பத்திரம் அழியாது என்பதால் வீடும் அழியாது என்று பலர் நம்பிவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் பீப்பிள் விற்ற ‘ஹ்யூமன் ஒன்’ எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. நான்கு புறமும் திரை கொண்ட, ஆளுயரத்தை மிஞ்சிய, சுழலும் பெட்டி. உள்ளே ஓயாமல் நடக்கும் ஒரு விண்வெளி உடைக்காரர். தன் ஆயுள் முழுக்க உள்ளடக்கத்தைப் புதுப்பிப்பேன் என்று பீப்பிள் சொல்லியிருக்கிறார். திரைக்கு உதிரிபாகம் வேண்டும், படைப்புக்குக் கலைஞரும் வேண்டும். பாகங்களின் பட்டியலில் ஓர் உயிருள்ள மனிதரும் சேர்ந்திருக்கிறார்.

மோமாவின் முன்கூடத்தில் 2022 நவம்பர் முதல் ஓடிய ரெஃபிக் அனடோலின் ‘அன்சூப்பர்வைஸ்ட்’ இன்னொரு எல்லை. அந்த அருங்காட்சியகத்தின் 1,38,151 பதிவுகளைக் கொண்டு பயிற்றுவித்த இயந்திரம், கூடத்தின் ஒளிக்கும் அசைவுக்கும் ஏற்ப ஓயாமல் உருமாறும் படங்களைச் செய்தது. மக்கள் நெடுநேரம் அமர்ந்து பார்த்தார்கள். எனக்கு அதில் மனம் நிறையவில்லை. ராஷன்பர்க்கின் ஆடு சேர்க்கையில் கரைவதில்லை, ஆடாகவே நிற்கிறது. அனடோலின் திரையில் எந்த ஓவியமும் தனித்து நிற்பதில்லை, எல்லாம் குழம்பாகிவிடுகிறது. பாகங்கள் ஒன்றோடொன்று உரசுவதில்தான் அசெம்ப்ளேஜின் உயிர் இருக்கிறது. அந்த உரசல் அங்கே நடக்கவில்லை.

இனிக் கூடங்களின் பொறுப்புக்கு வருகிறேன். எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் சுவரில் உள்ள அட்டையில் ‘கலப்பு ஊடகம்’ அல்லது ‘டிஜிட்டல் வீடியோ, ஒலியுடன்’ என்று ஒரு வரி இருக்கும். எண்ணெய் வண்ணம், கேன்வாஸ் என்று ஓவியத்துக்குத் தருகிற மரியாதையைக்கூட இவற்றுக்குத் தருவதில்லை. தகரமா, துணியா, எந்த ஊர்க் குப்பை, எந்த ஆண்டுக் கணினி, எந்த மென்பொருள், எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்பதெல்லாம் பார்வையாளருக்குத் தெரிய வேண்டியவை. இவை அலுவலக விவரமல்ல, படைப்பின் உடல். பம்பரும் மயிரும் என்று தெரியாமல் பிஹோல்டைப் பார்ப்பவர் கருப்பு வலை ஒன்றைத்தான் பார்க்கிறார். 266 திரைகள் தட்டையானவை என்று தெரியாமல் பைக்கைப் பார்ப்பவர் 2022-ஐ 1988 என்று எண்ணிக்கொள்கிறார்.

படைப்பை வாங்கும்போதே கலைஞரிடம் கேட்டுவிடுவதுதான் மலிவான மருந்து. குகன்ஹைம் வழியில் வந்தவர்கள் இதற்கென்றே ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்தார்கள். திரை மாறலாமா? அளவு மாறலாமா? ஒலி வேறு கருவியிலிருந்து வரலாமா? நிரலை வேறொருவர் திரும்ப எழுதலாமா? எந்த மாற்றத்துக்குப் பிறகு இதை உங்கள் படைப்பு என்று காட்டக் கூடாது? இன்று நம் ஊர்க் கூடங்களில் சிறு மின்பலகையும் எல்இடி பட்டையும் பழைய மரப்பெட்டியும் சேர்த்து வேலை செய்யும் இளங்கலைஞர்கள் உயிரோடு, கேட்டால் பதில் சொல்லும் நிலையில் இருக்கிறார்கள். அந்தப் பதில்களைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, நிரலின் ஒரு பிரதியோடு விற்பனை ரசீதுடன் சேர்த்து வைக்கச் சில மணி நேரம் போதும்.